காலைல நல்லா ஓடுது, சாயங்காலம் தொங்குது: நாள் முழுக்க ஓடுற த்ரெட்டுல மெமரி ஏறுனா எங்கருந்து பாக்கணும்

லாரி எடை மேடைல போடுற சாஃப்ட்வேர் ஒன்ன பல வருஷமா நான்தான் பாத்துட்டு வர்றேன். சி ஷார்ப், வின்ஃபார்ம்ஸ், பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க். ஒரு த்ரெட் (புரோகிராமுக்குள்ள தனியா ஓடுற ஒரு வேல) சீரியல் போர்ட்ல எடைய படிச்சுட்டே இருக்கும், இன்னொன்னு கேமராலருந்து படம் இழுக்கும், மூணாவது ஒன்னு சீட்டு விவரத்த டேட்டாபேஸ்ல எழுதிட்டு இருக்கும். காலைல ஆன் பண்ணா ராத்திரி வரைக்கும் ஓடும், சில எடத்துல வாரக்கணக்கா யாரும் மூடவே மாட்டாங்க. போன் வர்றது பெரும்பாலும் சாயங்காலம்தான், லாரி வரிசைகட்டி நிக்கும்போது. "சார், படம் வரமாட்டேங்குது, மூடிட்டு தொறந்தா சரியாயிடுது." மூடிட்டு தொறந்தா சரியாவுதுன்னு யாராச்சும் சொன்னாலே மெமரியோ ஹேண்டிலோ (ஃபைல், விண்டோ மாதிரி பொருளுக்கு விண்டோஸ் குடுக்குற அடையாள எண்) எங்கயோ ஒழுகுதுன்னு பாதி முடிவு பண்ணிக்கலாம்.

ஒரு பட்டன் அமுக்குனா ஓடி முடியுற கோடுல இந்த தப்பு எல்லாம் தெரியவே தெரியாது, ஏன்னா ஃபங்ஷன் முடிஞ்சதும் அதுல இருந்தது எல்லாம் போயிடும். ஆனா வைல் ட்ரூ (நிக்காம சுத்துற லூப்) போட்டு ஓடுற த்ரெட்டுக்கு முடிவே கிடையாது, அதனால நீங்க கையால முடிச்சு வைக்காத எதுவும் தானா முடியாது. கீழ உள்ளது எல்லாம் இந்த ஒரே விஷயத்தோட வேற வேற முகம்தான்.

## கோடை தொடுறதுக்கு முன்னாடி

டாஸ்க் மேனேஜர்ல டீடெய்ல்ஸ் டேப்புக்கு போங்க, மேல காலம் பேர்மேல ரைட் கிளிக் பண்ணி செலக்ட் காலம்ஸ்ல கமிட் சைஸ், ஹேண்டில்ஸ், த்ரெட்ஸ், யூசர் ஆப்ஜெக்ட்ஸ், ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ், பிளாட்ஃபார்ம் ஆறையும் டிக் பண்ணுங்க. ஆரம்பத்துல சும்மா தெரியுற மெமரி காலத்த நம்பாதீங்க, அது அந்த நேரத்துக்கு ராம்ல எவ்ளோ உக்காந்திருக்குன்னு மட்டும்தான் சொல்லும். கமிட் சைஸ்தான் உங்க புரோகிராம் உண்மையிலயே வாங்கி வச்சிருக்குற கணக்கு.

அப்புறம் பெர்ஃப்மான்ல (விண்டோஸ் கூடவே வர்ற கண்காணிப்பு டூல்) ரெண்டே ரெண்டு கவுண்டர் போடுங்க: புராசஸ் பிரிவுல பிரைவேட் பைட்ஸ், டாட்நெட் சிஎல்ஆர் மெமரி பிரிவுல பைட்ஸ் இன் ஆல் ஹீப்ஸ். முதலாவது புரோகிராம் தனக்குன்னு வாங்குன மொத்த மெமரி, ரெண்டாவது அதுல டாட்நெட் பாத்துக்குற பங்கு, அதத்தான் ஹீப்னு சொல்றது. புது டாட்நெட்னா, அதாவது கோர்ல ஆரம்பிச்சு அதுக்கு அப்புறம் வந்தது எல்லாம்னா, இந்த ரெண்டாவது கவுண்டர் பெர்ஃப்மான்ல வராது, டாட்நெட் கவுண்டர்ஸ்னு ஒரு கமாண்ட் லைன் டூல் இருக்கு அத வச்சு பாக்கணும்.

அரை மணிக்கு ஒருதரம் எல்லா நம்பரையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க. வேடிக்கையா தெரியலாம், ஆனா நாலு மணி நேரம் எழுதுன பேப்பர் ஒன்னு இருந்தா எந்த தலைப்புக்கு போகணும்னு அதுவே காட்டிடும், இல்லாட்டி நான் முன்னாடி பண்ண மாதிரி ரெண்டு நாள் பூரா கண்ட எடத்துலயும் டிஸ்போஸ் (வாங்கி வச்சத உடனே விட்டுடுற கட்டளை) போட்டுட்டு உக்காந்திருப்பீங்க, பிரச்சன அப்படியே இருக்கும்.

## அறிகுறி 1: மெமரி ஏறுது, ஆனா ஒரு எடத்துல நின்னுடுது

காலைல 80 எம்பி, பதினொரு மணிக்கு 300, அதுக்கப்புறம் 280க்கும் 340க்கும் நடுவுல ஏறி எறங்குது. இது லீக் இல்ல. ஜிசிக்கு (யாருக்கும் தேவப்படாத மெமரிய தானா அள்ளுற டாட்நெட்டோட கார்பேஜ் கலெக்டர்) அவசரம் இல்லாதப்ப அது குப்பைய அள்ளாது, அவ்ளோதான். ரெண்டு நாள் விட்டு பாருங்க, உச்சம் அதே எடத்துல நின்னா மூடிட்டு வேற வேலைய பாருங்க.

இந்த எடத்துல ஒரு கெட்ட பழக்கத்த சொல்லியே ஆகணும். செட் புராசஸ் ஒர்க்கிங் செட் சைஸ்னு ஒரு விண்டோஸ் ஃபங்ஷன டைமர்ல போட்டு கூப்பிட்டா டாஸ்க் மேனேஜர்ல நம்பர் சட்டுனு 10 எம்பிக்கு விழும், பாக்க சந்தோஷமா இருக்கும், கஸ்டமரும் சந்தோஷப்படுவார். ஆனா ஒன்னும் கொறையல, ராம்ல இருந்தத வெளிய தள்ளிவிட்டீங்க, அடுத்த நிமிஷம் மறுபடி உள்ள இழுக்கணும், மெஷின் இன்னும் மெதுவாகும். கமிட் சைஸ் காலத்த பாத்தீங்கன்னா அது அசஞ்சிருக்காது. லூப்புக்குள்ள ஜிசி கலெக்ட் போடுறதும் ஏறக்குறைய இதே கதைதான், சோதனைக்கு போடலாம், கஸ்டமருக்கு அனுப்புறதுல வேண்டாம்.

## அறிகுறி 2: ரெண்டு கவுண்டரும் சேந்து ஏறுது, நிக்கவே இல்ல

பிரைவேட் பைட்ஸும் ஹீப் பைட்ஸும் ஒன்னா ஏறுனா உங்க சொந்த கோடுல யாரோ எதையோ பிடிச்சு வச்சிருக்காங்கன்னு அர்த்தம். நல்ல செய்தி, வெளி ஆள் தேவப்படாது.

முதல்ல லாக் பாக்ஸ். ஸ்கிரீன்ல கீழ ஒரு டெக்ஸ்ட்பாக்ஸ் வச்சு நடக்குறத எல்லாம் அதுல எழுதுறீங்களா? அதுல பிளஸ் ஈக்வல் போட்டு டெக்ஸ்ட் சேக்குறீங்களா? அப்ப ஒவ்வொரு வரிக்கும் மொத்த லாக்கும் புதுசா ஒரு ஸ்ட்ரிங்கா காப்பி ஆகுது. ஒரு எழுத்துக்கு 2 பைட், அதனால சுமார் 42,000 எழுத்து தாண்டுனதும் அந்த ஸ்ட்ரிங் 85,000 பைட்ட தொட்டு பெரிய ஆப்ஜெக்ட்டுக்குன்னு இருக்குற தனி ஹீப்புல போய் விழும், அந்த ஹீப்ப ஜிசி அடிக்கடி சுத்தம் பண்ணாது, சுத்தம் பண்ணாலும் நடுவுல இருக்குற ஓட்டைய நெருக்கி அடைக்காது. எடை நொடிக்கு பல தடவ வர்ற எடத்துல இத கற்பன பண்ணி பாருங்க. கடைசி 200 வரிய மட்டும் லிஸ்ட்பாக்ஸ்ல வச்சுக்கோங்க, மிச்சத்த ஃபைல்ல எழுதுங்க. நான் பாத்த மெமரி கம்ப்ளெயிண்ட்ல கணிசமானது இந்த ஒரு மாத்தத்துலயே முடிஞ்சுது.

அடுத்து க்யூ. ஒரு த்ரெட் போடுது, இன்னொரு த்ரெட் எடுக்குது, போடுற வேகம் எடுக்குற வேகத்த விட அதிகம். சாதா நாள்ல தெரியாது, நெட்வொர்க் மெதுவான அன்னிக்கு டேட்டாபேஸ் த்ரெட் பின்தங்கும், க்யூ வீங்கும். சோதன சுலபம், க்யூவோட கவுண்ட்ட நிமிஷத்துக்கு ஒருதரம் லாக்ல எழுதுங்க. ஏறிட்டே போனா பிளாக்கிங் கலெக்ஷனுக்கு மாத்தி கொள்ளளவு குடுங்க, 100ன்னு வச்சுக்கோங்க, நெறஞ்சா போடுறவன் காத்திருப்பான். கேமரா படமா இருந்தா காத்திருக்க வேண்டாம், பழச தூக்கி போட்டுட்டு புதுச வைங்க. எடை சீட்ட மட்டும் தூக்கி போட்டுடாதீங்க, அது காசு.

கண்ணுக்கு தெரியாத க்யூ ஒன்னும் இருக்கு, பிகின் இன்வோக். பின்னாடி த்ரெட்லருந்து ஸ்கிரீனுக்கு ஒவ்வொரு எடையையும் பிகின் இன்வோக்ல அனுப்புனீங்கன்னா, ஸ்கிரீன் த்ரெட் ஏதோ ரிப்போர்ட் போட்டுட்டு பிசியா இருக்குற நேரம் முழுக்க அது எல்லாம் அடுக்கி உக்காந்திருக்கும். மெமரி ஏறுறதோட ஸ்கிரீன்ல தெரியுற எடையும் பின்தங்கும், லாரி எறங்கி போனதுக்கு அப்புறம் எடை ஓடிட்டு இருக்கும், ஆபரேட்டர் பயந்துடுவார். இதுக்கு நான் இப்ப பண்றது: த்ரெட் கடைசி எடைய ஒரு வேரியபிள்ல மட்டும் போடும், ஸ்கிரீன்ல ஒரு டைமர் 200 மில்லி செகண்டுக்கு ஒருதரம் அத எடுத்து காட்டும். அனுப்புறதே கிடையாது, அதனால தேங்குறதும் கிடையாது.

மூணாவது ஈவண்ட். இது கொஞ்சம் நின்னு பாக்க வேண்டிய எடம். எடை படிக்கிற கிளாஸ் நாள் முழுக்க உசுரோட இருக்கும். சீட்டு ஃபார்ம் தொறக்கும்போது அதோட ஈவண்ட்ல பிளஸ் ஈக்வல் போட்டு மாட்டிக்குது, மூடும்போது மைனஸ் ஈக்வல் போடல. ஃபார்ம் ஸ்கிரீன்லருந்து போயிடுச்சு, ஆனா எடை கிளாஸ் அதோட கைய பிடிச்சிருக்கு, அதனால ஃபார்மும் அதுக்குள்ள இருக்குற டேட்டாடேபிள், படம் எல்லாமும் போகாது. நாளைக்கு 150 லாரின்னா 150 செத்த ஃபார்ம், அதுவும் சும்மா இருக்காது, ஒவ்வொரு எடைக்கும் 150 பேரும் வேல செய்வாங்க. சாயங்காலம் மெதுவாகுதுன்னா அதுக்கு இதுவும் காரணமா இருக்கலாம்.

இத பிடிக்க ஒரு வழி. விஷுவல் ஸ்டுடியோல டயக்னாஸ்டிக் டூல்ஸ் விண்டோல மெமரி ஸ்னாப்ஷாட் எடுக்குற வசதி இருக்கு, காசு குடுத்து வாங்குற எடிஷன் தேவ இல்ல, கம்யூனிட்டியே போதும். ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்க, சந்தேகப்படுற ஃபார்ம சரியா ஏழு தடவ தொறந்து மூடுங்க, இன்னொரு ஸ்னாப்ஷாட் எடுங்க, வித்தியாசத்த பாருங்க. ஏழுன்னோ பதினாலுன்னோ கணக்கு காட்டுற டைப் எதுவோ அதுதான் ஆளு. ஏன் ஏழுன்னா, பத்து தடவ பண்ணா பத்து, இருவதுன்னு காட்டுற வேற நூறு விஷயம் இருக்கும், ஏழோட மடங்கு தற்செயலா வர்றது கம்மி. அந்த டைப்ப கிளிக் பண்ணா யார் பிடிச்சிருக்காங்கன்னு வேர் வரைக்கும் காட்டும். லாம்டா (பேரில்லாத குட்டி ஃபங்ஷன்) எழுதி ஈவண்ட்ல மாட்டியிருந்தா கழட்டவே முடியாது, அத முதல்ல ஒரு வேரியபிள்ல போட்டு வச்சுட்டு மாட்டுங்க. சிஸ்டம் ஈவண்ட்ஸ் கிளாஸ்ல மாட்டுனதையும் பாருங்க, அது ஸ்டாட்டிக், புரோகிராம் சாகுற வரைக்கும் விடாது.

நாலாவது டிபி கான்டெக்ஸ்ட். என்டிட்டி ஃப்ரேம்வொர்க் யூஸ் பண்றவங்களுக்கு மட்டும். த்ரெட் ஆரம்பத்துல ஒன்னு தொறந்து நாள் முழுக்க அதையே வச்சிருந்தா, அது தொட்ட ஒவ்வொரு ரோவையும் ஞாபகம் வச்சுக்கும், சேவ் பண்ணும்போது எல்லாத்தையும் திரும்பி பாக்கும், அதனால மெமரி ஏறுறதோட சேவும் மெதுவாகும். லூப்புக்கு உள்ள, ஒரு சீட்டுக்கு ஒன்னு, யூசிங் பிளாக்ல (முடிஞ்சதும் தானா டிஸ்போஸ் ஆகும்) தொறந்து மூடுங்க. வெளிய வச்சா வேகம்னு தோணும், தப்பு.

கேன்சலேஷன் டோக்கன் பயன்படுத்துறவங்க லூப்புக்குள்ள லிங்க்டு டோக்கன் சோர்ஸ் உருவாக்கிட்டு டிஸ்போஸ் பண்ணாம விட்டிருந்தா அதையும் பாத்துக்கோங்க, தாய் டோக்கன் நாள் முழுக்க இருக்குறதால ஒவ்வொரு சுத்துலயும் ஒரு குட்டி அதுமேல தொங்கிட்டே போகும்.

எப்ப வெளி ஆள்: ஸ்னாப்ஷாட்ல பிடிச்சிருக்குறது உங்க கிளாஸ் இல்ல, காசு குடுத்து வாங்குன கிரிட் கண்ட்ரோல் உள்ள இருக்குற கிளாஸ்னு தெரிஞ்சா நிறுத்திடுங்க. ஒரு சின்ன சேம்பிள் புராஜெக்ட்ல அதே தப்ப வர வச்சு அந்த கண்ட்ரோல் வித்தவங்களுக்கு அனுப்புங்க.

## அறிகுறி 3: பிரைவேட் பைட்ஸ் மட்டும் ஏறுது, ஹீப் அப்படியே இருக்கு

இங்க ஸ்னாப்ஷாட் எடுத்தா ஒன்னுமே தெரியாது, "எல்லாம் நல்லாத்தான இருக்கு"ன்னு தலைய சொறிவீங்க. ஒழுகுறது டாட்நெட்டுக்கு வெளிய.

சுலபமான காரணம் படம். 1920க்கு 1080 படம் ஒன்னு மெமரில விரிஞ்சா, பிக்சலுக்கு 4 பைட்னு சுமார் 8 எம்பி. ஆனா ஜிசி கண்ணுக்கு அந்த பிட்மேப் ஒரு துளியூண்டு ஆப்ஜெக்ட், 8 எம்பியும் வெளிய கிடக்கு. அதனால அதுக்கு அவசரமே தோணாது. கேமரா செகண்டுக்கு 5 படம் குடுத்தா செகண்டுக்கு 40 எம்பி, கணக்கு போட்டுக்கோங்க.

எல்லாரும் தவறவிடுற எடம் பிக்சர்பாக்ஸ். அதோட இமேஜ்ல புது படம் வைக்கும்போது பழைய படத்த அது டிஸ்போஸ் பண்ணாது. பழச ஒரு வேரியபிள்ல எடுத்துக்கோங்க, புதுச வைங்க, அப்புறம் பழச டிஸ்போஸ் பண்ணுங்க, இந்த வரிசைலதான், இது மூணும் ஸ்கிரீன் த்ரெட்லயே நடக்கணும். பின்னாடி த்ரெட்ல டிஸ்போஸ் பண்ணீங்கன்னா ஸ்கிரீன் அத வரஞ்சுட்டு இருக்கும்போது கால வாரிவிட்ட மாதிரி ஆகும், "பாராமீட்டர் ஈஸ் நாட் வேலிட்"னு வரும், பிக்சர்பாக்ஸ் வெள்ளையாகி அதுமேல செவப்பு கலர்ல பெருக்கல் குறி விழும், விழுந்தா மூடி தொறக்குற வரைக்கும் போகாது. அந்த செவப்பு குறிய பாத்தா மெமரி தீந்துடுச்சுன்னு நெனைக்காதீங்க, வரையும்போது எக்செப்ஷன் வந்துச்சுன்னு மட்டும்தான் அர்த்தம்.

ரெண்டாவது எக்ஸ்எம்எல் சீரியலைசர். பாக்க அப்பாவி. டைப் மட்டும் குடுத்து உருவாக்குனா உள்ள சேத்து வச்சு திரும்ப குடுக்கும், ஆனா கூடவே ரூட் ஆட்ரிபியூட் குடுக்குற மாதிரி கன்ஸ்ட்ரக்டர கூப்பிட்டா ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு அசெம்பிளிய உருவாக்கி லோட் பண்ணும், அத எறக்க முடியாது. லூப்புக்குள்ள இருந்தா அவ்ளோதான். ஸ்டாட்டிக் வேரியபிள்ல ஒருதரம் உருவாக்கி வச்சுக்கோங்க. ஒரு வரி மாத்தம், ஆனா இத கண்டுபிடிக்க எனக்கு மூணு வாரம் ஆச்சு, நான் படத்தையே சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்.

மூணாவது பைனலைசர் (ஆப்ஜெக்ட் குப்பைக்கு போறப்ப கடைசியா ஓடுற சுத்தம் பண்ற கோடு) சிக்கிக்கிறது. ஏதோ ஒரு பழைய காம் கம்போனெண்ட்டுக்காக (மைக்ரோசாஃப்ட்டோட பழைய கம்போனெண்ட் முறை, சீரியல் காம் போர்ட் இல்ல) உங்க த்ரெட்ட எஸ்டிஏன்னு (அதுல உருவான ஆப்ஜெக்ட்ட அந்த த்ரெட் மட்டும்தான் தொடலாம்ங்குற முறை) செட் பண்ணியிருப்பீங்க, உள்ள வைல் லூப்பும் த்ரெட் ஸ்லீப்பும் ஓடுது. அந்த த்ரெட்ல உருவான காம் ஆப்ஜெக்ட்ட விடுவிக்க பைனலைசர் த்ரெட் இந்த த்ரெட்டோட அனுமதிக்கு காத்திருக்கும், இவன் ஸ்லீப்ல இருக்கான், மெசேஜ கவனிக்கவே மாட்டான். பைனலைசர் த்ரெட் ஒன்னே ஒன்னுதான், அது நின்னா மொத்த புரோகிராம்லயும் யாரோட பைனலைசரும் ஓடாது. சோதன: மறைவா ஒரு பட்டன் வச்சு அதுல ஜிசி கலெக்ட், வெயிட் ஃபார் பெண்டிங் பைனலைசர்ஸ், மறுபடி ஜிசி கலெக்ட். டெஸ்ட் மெஷின்ல அமுக்குங்க. நடு வரியிலருந்து திரும்பி வரவே இல்லன்னா இதுதான். தீர்வு, அந்த த்ரெட்ட எம்டிஏ (எந்த த்ரெட்டும் தொடலாம்ங்குற முறை) ஆக்குங்க, முடியாதுன்னா காம் ஆப்ஜெக்ட்ட வேல முடிஞ்ச உடனே அதே த்ரெட்ல மார்ஷல் கிளாஸோட ரிலீஸ் காம் ஆப்ஜெக்ட் போட்டு நீங்களே விட்டுடுங்க.

இது எதுவும் இல்லன்னா கேமரா கம்பெனி குடுத்த டிஎல்எல். அந்த டிஎல்எல்ல மட்டும் கூப்பிடுற நாப்பது வரி கன்சோல் புரோகிராம் எழுதி ராத்திரி பூரா ஓட விடுங்க. அதுலயும் ஏறுனா உங்க தப்பு இல்ல, புது வெர்ஷன் கேளுங்க. அவங்க தர்ற வரைக்கும் நான் பண்ண ஏற்பாடு, கேமரா வேலைய தனி எக்ஸ்ஈயா பிரிச்சு, ராத்திரி லாரி வராத நேரத்துல அத மட்டும் கொன்னு திரும்ப கெளப்புறது. அழகான தீர்வு இல்லதான், ஆனா எடை மேடை நிக்கல.

## அறிகுறி 4: மெமரி கம்மியாத்தான் இருக்கு, ஆனா ஸ்கிரீன் கோளாறு

பட்டன் பாதி வரையுது, ஃபான்ட் மாறுது, மெனு கறுப்பா வருது, இல்லாட்டி "எரர் கிரியேட்டிங் விண்டோ ஹேண்டில்"னு வருது. டாஸ்க் மேனேஜர்ல ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸையும் (பேனா, ஃபான்ட் மாதிரி வரையுற சாமான்) யூசர் ஆப்ஜெக்ட்ஸையும் (விண்டோ, பட்டன் மாதிரி) பாருங்க. ஒரு புராசஸுக்கு ரெண்டுக்குமே தனித்தனியா 10,000தான் வழக்கமான வரம்பு. 9,800 பக்கம் நின்னா காரணம் தெரிஞ்சுபோச்சு. ரெஜிஸ்ட்ரில இந்த வரம்ப ஏத்த முடியும், ஏத்தாதீங்க, மூணு மணிக்கு சாகுறது அஞ்சு மணிக்கு சாகும், வேற பலன் இல்ல.

யூசர் ஆப்ஜெக்ட் ஏறுனா: ஷோ டயலாக்ல தொறந்த ஃபார்ம் மூடுனாலும் டிஸ்போஸ் ஆகாது, அத யூசிங் பிளாக்ல போடுங்க. பேனல்ல கண்ட்ரோல்ஸ் கிளியர் கூப்பிட்டா கண்ட்ரோல்கள் பேனல்லருந்து வெளிய வரும், சாகாது. ஒவ்வொன்னையும் டிஸ்போஸ் பண்ணணும். லாரி வரிசைய காட்ட ஒவ்வொரு தடவையும் லேபிள அழிச்சு புதுசா உருவாக்குற கோடு எங்கிட்ட இருந்துச்சு, நாள் ஒன்னுக்கு ஆயிரக்கணக்குல ஏறும். ஜிடிஐ ஏறுனா: பெயிண்ட் ஈவண்ட்ல பேனா, பிரஷ், ஃபான்ட் புதுசு புதுசா உருவாக்குறீங்களான்னு பாருங்க. அப்புறம் பிட்மேப்போட கெட் எச்பிட்மேப். அது திருப்பி குடுக்குற ஹேண்டில டெலிட் ஆப்ஜெக்ட் போட்டு நீங்கதான் அழிக்கணும், பிட்மேப்ப டிஸ்போஸ் பண்ணா மட்டும் போகாது.

## அறிகுறி 5: ராம் பாதி காலியா இருக்கு, ஆனா அவுட் ஆஃப் மெமரின்னு சொல்லுது

முதல்ல எந்த வரில வந்துச்சுன்னு பாருங்க. இமேஜ் ஃப்ரம் ஃபைல்ல வந்திருந்தா மெமரிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாம இருக்கலாம், ஃபைல் சரியான படம் இல்லன்னாலும் அது இதே எக்செப்ஷனத்தான் வீசும். கேமரா பாதி எழுதிட்டு இருக்கும்போது நீங்க தொறந்தா பாதி படம், அவுட் ஆஃப் மெமரி. எத்தன பேர் இத பாத்துட்டு ராம் வாங்கி போட்டிருப்பாங்களோ.

அது இல்லன்னா பிளாட்ஃபார்ம் காலம் பாருங்க. 32 பிட்னு இருந்தா மெஷின்ல 16 ஜிபி இருந்தாலும் உங்க புரோகிராமுக்கு வழக்கமா 2 ஜிபி எடம்தான். விஷுவல் ஸ்டுடியோ 2012லருந்து எனி சிபியு புராஜெக்ட்ல பிரிஃபர் 32 பிட்னு ஒரு டிக் தானாவே விழுந்திருக்கும், நெறைய பேருக்கு அது இருக்குறதே தெரியாது. எடுத்துட்டு பில்ட் பண்ணுங்க. 32 பிட் டிஎல்எல் ஏதாச்சும் இருந்தா எடுக்க முடியாது, அப்ப எடிட்பின் டூல் வச்சு எக்ஸ்ஈல லார்ஜ் அட்ரஸ் அவேர் ஃபிளாக் போடலாம், 64 பிட் விண்டோஸ்ல 4 ஜிபி வரைக்கும் கெடைக்கும்.

அதுவும் பத்தலன்னா அறிகுறி 2ல சொன்ன பெரிய ஆப்ஜெக்ட் ஹீப்புல ஓட்டை விழுந்திருக்கும், மொத்தமா 600 எம்பி காலி ஆனா ஒரே துண்டா 8 எம்பி இல்ல. லூப்ல ஒவ்வொரு படத்துக்கும் புது பைட் அர்ரே உருவாக்குறத விட்டுட்டு ஆரம்பத்துலயே ரெண்டு மூணு உருவாக்கி திரும்ப திரும்ப அதையே யூஸ் பண்ணுங்க. நாலு புள்ளி அஞ்சு புள்ளி ஒன்னு ஃப்ரேம்வொர்க்லருந்து அந்த ஹீப்ப ஒருதரம் நெருக்க சொல்ல ஒரு செட்டிங் இருக்கு, ராத்திரி நேரத்துல ஒருதரம் போடலாம், லாரி நிக்கும்போது வேண்டாம்.

## அறிகுறி 6: த்ரெட் எண்ணிக்க ஏறுது

20ல ஆரம்பிச்சு 400 ஆகுது. பெரும்பாலும் டைமர்தான். சிஸ்டம் டைமர்ஸ் டைமர் ஒரு செகண்டுக்கு ஒருதரம் எழுப்புது, உள்ள இருக்குற வேல மூணு செகண்ட் எடுக்குது, முந்துனது முடியுறதுக்குள்ள அடுத்தது வேற த்ரெட்ல ஆரம்பிக்குது. ஆட்டோ ரீசெட்ட ஃபால்ஸ் ஆக்கி, வேல முடிஞ்சதும் கடைசி வரில நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க. ரெண்டாவது காரணம், கேமரா அறுந்து போனா மறுபடி கனெக்ட் பண்ண புது த்ரெட் கெளப்புறது, பழையது ரீட்ல உக்காந்தே இருக்குறது. ஒரு த்ரெட்டுக்கு ஸ்டாக் மட்டும் வழக்கமா 1 எம்பி எடம் ஒதுக்கும், 32 பிட்ல ஆயிரத்து சொச்சத்துலயே மூச்சு முட்டும். ரீட்டுக்கு டைம் அவுட் குடுங்க, பழைய த்ரெட் செத்துச்சான்னு ஜாயின் போட்டு பாத்துட்டு புதுச கெளப்புங்க. த்ரெட் அபார்ட் போடாதீங்க, புது டாட்நெட்ல அது வேலையே செய்யாது, பழசுல வேல செய்யும் ஆனா லாக்கையும் ஃபைலையும் தொறந்த வாக்குல விட்டுட்டு சாகலாம்.

## அறிகுறி 7: விண்டோ மூடிடுச்சு, புரோகிராம் மட்டும் உள்ள உசுரோட இருக்கு

ஆபரேட்டர் மூடி தொறக்குறார், டாஸ்க் மேனேஜர்ல பழையதும் இருக்கு, காம் போர்ட்ட (எடை வர்ற சீரியல் போர்ட்) அது விடல, புதுசு "போர்ட் கெடைக்கல"ங்குது. புதுசா உருவாக்குற த்ரெட் ஃபோர்கிரவுண்டா இருக்கும், அது ஓடுற வரைக்கும் புராசஸ் சாகாது. ஈஸ் பேக்கிரவுண்ட ட்ரூ ஆக்குனா செத்துடும், ஆனா சீட்டு எழுதுற த்ரெட்டுக்கு அத போட்டா பாதி சீட்டோட சாகும். அதுக்கு மட்டும் கேன்சல் டோக்கன் குடுத்து, மூடும்போது ஒரு அஞ்சு செகண்ட் ஜாயின்ல காத்திருங்க.

மூடும்போதே மொத்தமும் தொங்குனா சீரியல் போர்ட்ட பாருங்க. ஸ்கிரீன் த்ரெட் போர்ட்ட குளோஸ் பண்ண காத்திருக்கு, குளோஸ் ஆகணும்னா டேட்டா ரிசீவ்டு ஈவண்ட் முடியணும், அந்த ஈவண்ட்ல இன்வோக் போட்டு ஸ்கிரீன் த்ரெட்டுக்கு காத்திருக்கீங்க. நீ மொதல்ல போ, இல்ல நீ மொதல்ல போன்னு வாசல்ல நிக்கிற ரெண்டு பேர் கததான். இன்வோக்க எடுத்துடுங்க, மேல சொன்ன வேரியபிள், டைமர் வழி இங்கயும் சரியா வரும்.

## அறிகுறி 8: மெமரி நல்லா இருக்கு, த்ரெட் சத்தம் இல்லாம நின்னுடுது

இது தலைகீழ். போகக்கூடாதது போயிடுச்சு. உங்க மெஷின்ல டீபக் பில்ட் நாள் கணக்கா ஓடும், கஸ்டமர்கிட்ட ரிலீஸ் பில்ட் பத்து நிமிஷத்துல டைமர் நிக்கும். சிஸ்டம் த்ரெடிங் டைமர ஃபங்ஷனுக்குள்ள லோக்கல் வேரியபிள்ல உருவாக்கியிருப்பீங்க. டீபக்ல ஃபங்ஷன் முடியுற வரைக்கும் அத காப்பாத்தி வச்சுக்கும், ரிலீஸ்ல கடைசியா தொட்ட வரியோட அது குப்பைன்னு ஜிசி எடுத்துட்டு போயிடும். கிளாஸ் லெவல் ஃபீல்டுல வைங்க, முடிஞ்சுது.

டைமர் ஓடுது ஆனா வேல நடக்கலன்னா, சிஸ்டம் டைமர்ஸ் டைமர் எலாப்ஸ்டு ஈவண்ட்ல வர்ற எக்செப்ஷன முழுங்கிடும், வெளிய சொல்லாது. டாஸ்க்லயும் அப்படித்தான், அவெய்ட் பண்ணாத டாஸ்க்ல வர்ற எக்செப்ஷன் 4.5 ஃப்ரேம்வொர்க்லருந்து புராசஸ சாகடிக்காது. உள்ள ட்ரை கேட்ச் போட்டு லாக்ல எழுதுங்க.

## இதுக்கு மேல தனியா மல்லுகட்டாதீங்க

ஒரு வாரம் பாத்தும் எந்த தலைப்புலயும் சிக்கல, இல்ல கஸ்டமர் மெஷின்ல மட்டும்தான் வருதுன்னா டம்ப் (ஓடிட்டு இருக்குற புரோகிராமோட மெமரிய அப்படியே ஃபைலா எடுத்தது) படிக்கத் தெரிஞ்சவர்கிட்ட போங்க. வின்டிபிஜி, பெர்ஃப்வியூ ரெண்டும் மைக்ரோசாஃப்ட் சும்மா தர்றதுதான், ஆனா கத்துக்க நாள் ஆகும், அவசரத்துக்கு ஆகாது.

போகும்போது அந்த நம்பர் எழுதுன பேப்பர், ரெண்டு டம்ப், அந்த பில்டோட பிடிபி ஃபைல் (கோடோட பேரையும் வரி நம்பரையும் காட்டுற ஃபைல்) மூணும் கொண்டு போங்க. ஒரு டம்ப் காலைல, ஒன்னு ஏறுனதுக்கு அப்புறம். ஒன்னே ஒன்னு குடுத்தா எது வளந்துச்சுன்னு அவருக்கும் தெரியாது. டாஸ்க் மேனேஜர்ல புராசஸ் மேல ரைட் கிளிக் பண்ணா கிரியேட் டம்ப் ஃபைல் இருக்கும். 32 பிட் புரோகிராம்னா சாதா டாஸ்க் மேனேஜர்ல எடுக்காதீங்க, விண்டோஸ் ஃபோல்டர்ல சிஸ்வாவ்64 உள்ள இன்னொரு டாஸ்க் மேனேஜர் இருக்கும், சாதாவ மூடிட்டு அதுல எடுக்கணும், இல்லாட்டி படிக்கும்போது தகராறு பண்ணும். டம்ப்ல மெமரில இருந்தது எல்லாம் அப்படியே வரும், டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், லாரி ஓனர் போன் நம்பர் உள்பட, அதனால மெயில்ல அனுப்பாதீங்க, பென்டிரைவ்ல நேர்ல குடுங்க, வேல முடிஞ்சதும் பாஸ்வேர்ட மாத்திடுங்க.